மகளிரும் அலையாடற் செலவும்

பெண்ணொருத்தி துணையின்றிக் கடல் கடந்து பிறநாடு சென்று, ஆங்கு இருவாரமோ ஒரு திங்களோ தங்கி, அலைகளின்மீது பலகையூர்ந்து விளையாடி மீளுதல் தகுமோ என்னும் வினா இக்காலத்தெழுந்த ஒன்று. ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய நாட்டு மகளிர் பலர்க்கு இச்செலவு இன்று புதுமையன்று. போர்த்துக்கல் நாட்டு எரிசெய்ரா, மொராக்கோ நாட்டுத் தகாசூட், கோஸ்தாரிக்கா, பாலித்தீவு, நமக்கு அணித்தாகிய இலங்கை ஆகிய இடங்களிலெல்லாம் அலைச்சறுக்குக் கற்பிக்கும் விடுதிகள் உள. அவற்றுட் சில மகளிர்க்கென்றே நடைபெறுவன. ஆயினும் நம்மவரிடை இப்பேச்சு எழுமாயின், கேட்போர் முகம் சுருங்குகின்றது. “பலகையேறி ஆடுவதற்கா ஒரு பெண் தனியே போவது?” என்பர். இவ்வினாவின் அழுத்தம் எச்சொல்லின்மேல் விழுகின்றது? ‘பெண்’ என்பதன்மேலோ, ‘தனியே’ என்பதன்மேலோ, ‘ஆடுவதற்கா’ என்பதன்மேலோ? இதனை ஆராயவே இங்குப் புகுந்தனம்.

முதலிரு சொற்களின்மேலும் அவ்வழுத்தம் விழவில்லை என்பது எம் துணிபு. என்னை? கேரளத்தினின்றும் தமிழகத்தினின்றும் செவிலித்தொழில் பயின்ற மகளிர் பல்லாண்டுகளாக வளைகுடா நாடுகட்கும் ஐரோப்பிய நாடுகட்கும் தனியே சென்றவண்ணம் உளர். பள்ளிப்படி மிதியாத தாய்மார் பலர் குவைத்திலும் ஓமானிலும் பிறர் வீட்டுப் பணிப்பெண்டிராய் உழைக்கின்றனர். அவர்தம் கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டார், கூலி கொடாது துரத்தினார் என்னும் செய்திகளை நாம் நாளிதழ்களில் ஓயாது படிக்கின்றோம். அத்துணை இடர் கண்டும், “பெண் தனியே போகலாகாது” என்று அவர்களை வழிமறித்தார் எத்துணைப்பேர்? விமான நிலையத்திற் கண்ணீரோடு விடைகொடுத்த சுற்றத்தார், அவர் அனுப்பும் பணத்தால் ஓலைக்கூரையை நீக்கி ஓடு வேய்கின்றனர். தங்கையின் திருமணத்தையும் முடிக்கின்றனர். அத்தனிமை நம் கண்ணுக்குத் தீதாய்த் தோன்றவில்லை.

இன்னும், நம் கல்லூரிகளையும் மருத்துவமனைகளையும் நிறுவிய அம்மையார் சிலரை நோக்குவோம். அயர்லாந்தினராகிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893இல் ஜப்பானுக்கும், 1895இல் இந்தியாவுக்கும் வந்தவர். திருநெல்வேலிச் சீமைத் தோனாவூரிற் குழந்தைகட்கு அடைக்கலம் அமைத்தவர். ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் மருத்துவம் கற்று 1900இல் மீண்டு வந்து வேலூரிற் பணி தொடங்கினார். எலினர் மக்டூகல் அம்மையார் 1915இற் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் முதற்றலைவரானார். மூவரும் மணவாதவர், ஆடவர் துணையை நாடாது வாரக்கணக்கிற் கப்பலில் இருந்தவர். அவர்தம் உருவப்படங்களுக்கு ஆண்டுதோறும் மாலையணிந்து வணங்கும் நாம், கடல் கடக்கும் தனிமகளைக் கண்டு வியப்பதில் பொருளில்லை.

“அவர்கள் தொண்டிற்காக வந்தார்கள், இவள் விளையாட்டிற்காகவன்றோ போகின்றாள்!” என்பார் உளர். ஈண்டுத்தான் உண்மை வெளிப்படுகின்றது. பெண் தனியே போதலை நாம் மறுக்கவில்லை; தன் மகிழ்ச்சிக்காகப் போதலையே மறுக்கின்றோம். பிறர்க்காகத் துன்புறச் செல்லுங்கால் அவள் தியாகியாவாள். தனக்காக இன்புறச் செல்லுங்கால் அவள் அடக்கமில்லாதவளாவாள். இம்முறைமை ஆடவர்க்கு வைக்கப்படவில்லை. நண்பரோடன்றித் தனியனாய் இமயமலை காணச் சென்ற இளைஞனை, “எவர்க்கு என்ன பயன் கருதிச் சென்றனை?” என்று யாரும் வினவுவதில்லை. திரும்பி வந்தவனிடம், “குளிர் எப்படி?” என்றே கேட்கின்றனர்.

நம் பழைய நூல்களைக் கொண்டு இதனை ஆராய்தலும் சுவையுடைத்து; தமிழ் பயிலும் எமக்கு அவ்வாசை எழுதல் இயல்பே. தொல்காப்பியப் பொருளதிகாரத்து அகத்திணையியலிற் கடல்வழிச் செலவில் மகளிரை உடன்கொண்டு போதல் இல்லை என்னும் கருத்துப்பட ஒரு சூத்திரம் உண்டு. இதனை எடுத்துக்காட்டி எம்மை வாயடைக்க முயன்ற நண்பர் ஒருவர்க்கு யாம் கூறிய விடை இது: அச்சூத்திரம் தலைவன் தலைவியை உடன்கொண்டு போதலைப் பற்றியதேயன்றித் தலைவி தானே போதலைப் பற்றியதன்று, மேலும், அகப்பாட்டின் மரபு கூறும் இலக்கணத்தைக் குடியேற்ற அதிகாரிகளின் விதிநூலாகக் கொள்ளுதல் ஆசிரியர்க்கே உடன்பாடாகாது. நண்பர் நகைத்தனரேயன்றி உடன்பட்டிலர்.

காப்பியங்களுள் மணிமேகலை தனியே கடல் கடந்தவள். மணிபல்லவத் தீவில் தன்னந்தனியளாய் விழித்தெழுந்தாள். பின்னர்ச் சாவக நாட்டிற்கும் சென்றாள். ஆயின் அவள் செலவு அனைத்தும் அறத்தின் பொருட்டே. சிலப்பதிகாரத்து மாதவியோ கடலாட்டு விழாவிற்குக் கடற்கரை சென்றவள். ஆயின் கோவலனோடு சென்றவள். நெய்தல் நிலத்து மகளிர் அலையில் ஆடுதலைச் சங்கப் புலவர் பலபடப் பாடினர். ஆண்டும் ஆயம் சூழ்ந்திருக்கும். இவற்றை ஒருங்குவைத்து நோக்குங்கால், தனிமை உள்ள இடத்தில் ஆடல் இல்லை. ஆடல் உள்ள இடத்தில் தனிமை இல்லை. இரண்டையும் ஒரு பெண்மாட்டுச் சேர்த்துக் காண நம் இலக்கியமே பழகவில்லை. ஆதலின் நம் தாய்மார் அதிர்ச்சியுறுவதற்காக அவரை நோதல் முறையன்று.

நிற்க. அலைச்சறுக்கின் வரலாற்றில் நம் கிறிஸ்தவ சமயத்தார்க்கும் ஒரு பங்கு உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. இக்கலை பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளிற் றோன்றி, ஹவாய்த் தீவுகளில் முதிர்ந்தது. கப்பற்றலைவர் குக் என்பாரோடு சென்ற ஜேம்ஸ் கிங் என்னும் அதிகாரி 1779இல் அதனைத் தம் குறிப்பேட்டில் வியந்தெழுதினார். அத்தீவுகளில் அரசரும் குடிகளும், ஆடவரும் பெண்டிரும் அலையேறினர். காஅகுமனு என்னும் பேரரசி அதில் வல்லவரெனப் பேர் பெற்றவர். பெண்ணுக்கு இவ்விளையாட்டு ஆகாதென்னும் எண்ணமே அம்மக்களிடை இருந்ததில்லை.

1820இல் அமெரிக்க மிஷன் சங்கத்தின் குருமார் அத்தீவுகளில் இறங்கினர். அச்சங்கம் நமக்கு அயலானதன்று. அதுவே 1816இல் யாழ்ப்பாணத்திற்கும், 1834இல் மதுரைக்கும் குருமாரை அனுப்பியது. 1824இல் உடுவிலிற் பெண்கள் பள்ளியைத் தொடங்கியதும் அச்சங்கத்தாரே. ஹவாயிற் பின்வந்த ஆண்டுகளில் அலையாடல் அருகிற்று. அயலார் கொணர்ந்த நோய்களால் மக்கட்டொகை பெரிதும் குறைந்தமையும், வாழ்க்கை முறை மாறியமையும் அதற்குப் பெருங்காரணங்கள். உடைக்குறைவையும் பந்தயம் கட்டுதலையும் குருமார் வெறுத்தமையும் அவற்றோடு சேர்ந்தது. அக்குருமாருள் தலைவராகிய ஹைரம் பிங்காம் 1847இல் வெளியிட்ட நூலில், அலையாடல் குறைந்ததற்கு மக்களிடை நாணமும் உழைப்பும் சமயப்பற்றும் வளர்ந்தமையே காரணமெனக் கருத்துரைத்தார். இம்மூன்றனுள் எம் கருத்தை ஈர்ப்பது உழைப்பு என்பது. விளையாட்டைக் காலவிரயமாகக் கருதும் நோக்கு அதனுள் அடங்கியுளது. உடுவிற் பெண்ணின் கையில் ஏட்டைத் தந்த அதே சங்கத்தார், ஹவாய்ப் பெண்ணின் பலகையைக் கண்டு மனம் மகிழ்ந்தாரல்லர். ஏட்டிற்காக யாம் அவர்க்கு என்றும் நன்றியுடையேம். பலகையைப் பொறுத்தவரை, அவர் வேதாகமத்தையே இன்னும் சற்று விரித்துப் படித்திருக்கலாம் என்பது எம் கருத்து. 104ஆம் சங்கீதத்தில் கப்பல்களும் கடல்வாழ் பெருவிலங்கும் ஒருங்கே கூறப்படுகின்றன. அவ்விலங்கு கடலில் விளையாடுதற்கென்றே கர்த்தரால் உண்டாக்கப்பட்டதெனச் சங்கீதக்காரர் பாடுகின்றார். திமிங்கிலத்திற்கு அருளப்பட்ட உரிமை தீவுப்பெண்ணுக்கு மறுக்கப்பட்டது வியப்பே. ஓய்வுநாளைக் கட்டளையாகவே பெற்ற சமயத்தார், ஓய்விற்குக் காரணம் கேட்டல் பொருந்துமோ?

இனி, கடலின் வன்மை பெண்ணுடல் தாங்கற்பாலதன்று என்னும் கூற்றைப் பார்ப்போம். 1915ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஹவாய் வீரராகிய டியூக் கஹனமோகு சிட்னி நகரக் கடற்கரையில் அலைச்சறுக்கைச் செய்து காட்டியபோது, பதினைந்து வயதுப் பெண்ணாகிய இசபெல் லேதம் என்பாரைத் தம் பலகைமேல் ஏற்றிச் சென்றார். அலையின் உச்சியினின்று கீழ்நோக்கிய அக்கணமே அப்பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. 1918இல் அவர் அமெரிக்கா சென்றார். கலிபோர்னியாவில் நீச்சல் கற்பிக்கும் ஆசிரியரானார். ஆஸ்திரேலியக் கடற்கரைகளின் உயிர்காப்பு முறையை அங்குப் பரப்பக் கருதிச் சிட்னியின் மான்லி உயிர்காப்புச் சங்கத்தில் உறுப்பினராக விரும்பினார். கொந்தளிக்கும் கடலைப் பெண் தாங்கவியலாதென்று கூறி அச்சங்கத்தார் மறுத்துவிட்டனர். அலைமேல் நின்றவரை நோக்கி, அலையைப் பற்றிக் கரையில் அமர்ந்தவர் கூறிய விடை இது. ஆஸ்திரேலிய உயிர்காப்புச் சங்கங்களிற் பெண்டிர் முழுவுரிமை பெற்றது 1980இலேதான். இசபெல் அம்மையார் அதனைக் கண்ணாரக் கண்டார். 1995இல், தொண்ணூற்றைந்து வயதிற் காலமானார்.

அதன்பின் நிகழ்ந்தவை விரைந்து கூறத்தக்கன. உலக அலைச்சறுக்குப் போட்டிகளை நடத்தும் அமைப்பு 2019ஆம் ஆண்டு முதல் ஆடவர்க்கும் மகளிர்க்கும் ஒத்த பரிசுத்தொகை அளித்து வருகின்றது. ஒலிம்பிக் விளையாட்டில் இக்கலை முதன்முதற் சேர்க்கப்பட்டது ஜப்பானில், 2021இல். பெண்டிருள் வென்றவர் ஹவாய்த் தீவினராகிய கரிசா மூர். தாகித்தித் தீவின் டெயாஹுபோ என்னுமிடத்து அலை, ஆழமற்ற பவளப்பாறையின்மேற் சுருண்டு விழுவது; உலகிற் கொடியவற்றுள் ஒன்றெனப்படுவது. அங்கு நடந்துவந்த மகளிர் போட்டி 2006க்குப் பின் நிறுத்தப்பட்டது. 2022இல் மீண்டும் தொடங்கியது. 2024இல் ஒலிம்பிக் போட்டியே அங்கு நடந்தபோது, ஆடவர் 24 பேரும் மகளிர் 24 பேரும் அவ்வலையிலேயே ஆடினர். பெண்ணுடல் தாங்குமோ என்னும் ஐயம் இனி எழுமாயின், அஃது அறிவினின்று எழுவதன்று.

ஆயின் கடல் அஞ்சத்தக்கதே. அஞ்சத்தக்கது எனின், அறியத்தக்கது என்க. தென்பெருங்கடலில் எங்கோ எழுந்த புயல் நீரை உந்த, அவ்வுந்துதல் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து கரையை நெருங்கும். ஆழம் குறையக் குறைய அலையின் அடி தடைப்பட்டுத் தயங்கும். முடியோ தயங்காது முன்னோடிக் கவிழும். அக்கவிழ்ச்சியின் முகத்திலேதான் பலகை சறுக்குகின்றது. தரை மணலாயின் அலை மெல்லென உடையும். பாறையாயின் வன்மையாய்ச் சுருளும். ஆகவே தொடக்க நிலையினர் மணற்றரையுள்ள குடாக்களையே நாடல் வேண்டும். இலங்கைத் தென்கரையிலுள்ள வெலிகம அத்தகையது. அங்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் ஆடற்கு ஏற்றதாயிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் தென்கரை கலங்கும். அதே காற்று கிழக்குக் கரையில் நிலத்தினின்று கடனோக்கி வீசுதலின், அலையின் முகத்தைத் தேய்த்துச் செம்மையாக்கும். அதனால் பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் மே முதல் அக்டோபர் வரை ஆட்டம் நடைபெறும். காற்றின் திசையறியாது பயணச்சீட்டு வாங்குபவர் ஆணாயினும் பெண்ணாயினும் ஏமாறுவர்.

கரையில் உடைந்த நீர் மீண்டும் உட்செல்லுங்கால், ஒடுங்கிய ஓரிடத்தாற் பாய்ந்து, நீந்துவாரை ஆழ்கடலுக்கு இழுத்துச்செல்வது உண்டு. கடற்கரைச் சாவுகளுட் பல இவ்விழுப்பால் நேர்வன. அதனை எதிர்த்துக் கரைநோக்கி நீந்துவார் களைத்து மூழ்குவர். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதன் பிடி விட்டுப்போம். பலகையைக் காலோடு பிணிக்கும் கயிறு அறாதிருத்தல் வேண்டும், பலகையே மிதவையுமாகும். கதிரவன் சாயுமுன் கரையேறல் நன்று. தனியே பயணம் செய்யலாம். தனியே கடலில் இறங்கலாகாது. இவ்வேறுபாட்டைப் பலர் உணர்வதில்லை. தனிச்செல்லும் பெண் அங்குத் தனித்திருப்பாளல்லள்: அலைக்குக் காத்திருக்கும் வரிசையில் அவளுக்கு இருபக்கமும் பலர் இருப்பர், கற்பிப்போர் அருகில் நிற்பர்.

இவ்விதிகளுள் ஒன்றேனும் ஆண் பெண் வேறுபாடு கருதுவதில்லை என்பதை அன்பர்கள் கருத்தூன்றி நோக்குக. கடலின் இடர் கற்றுத் தவிர்க்கத்தக்கது. பெண்ணுக்கென்றே உள்ள இடரோ கடலிலில்லை, கரையிலுளது. இரவிற் பின்தொடரும் காலடி, வேண்டாத பேச்சு, விடுதிக் கதவைத் தட்டும் கை, பருகுவதிற் கலக்கும் பொருள் ஆகிய இவை எந்நாட்டிலும் உள. நம் நாட்டிலும் உள. தாழ்ப்பாள் செவ்வனே உள்ள அறையைத் தேர்தல், வந்துசேர்ந்த செய்தியை நாடோறும் வீட்டார்க்கு அறிவித்தல், முன்சென்ற மகளிர் கூறியவற்றை உசாவிச் செல்லுதல் முதலிய காப்புகளை அறிவுடைய பெண் எவளும் செய்வாள். ஆயின் ஒன்று கேட்கின்றோம். இவ்விடரைச் செய்வோர் ஒரு சாரார். அதன் பொருட்டு வீட்டிலிருக்கப் பணிக்கப்படுவோர் மற்றொரு சாரார். களவு மிகுந்த ஊரில் உடைமையாளரைச் சிறையிட்டுக் கள்வரை உலவவிடும் அரசனை எந்நூல் புகழும்? தந்தையர்க்கு உண்டாகும் அச்சம் பொய்யன்று. அதனை யாம் எள்ளவில்லை. அவ்வச்சத்தின் விலையை மகளே செலுத்தவேண்டும் என்பதையே ஒப்புக்கொள்ளோம்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். அலைச்சறுக்கு ஆடும் பெண்டிர் யாவரும் அரைகுறை உடையினர் என்பது படங்கண்டு கொண்ட எண்ணம். வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் அஞ்சி, கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடிய சட்டையை அணிவாரே பலர். அயர்லாந்தினராகிய ஈஸ்கி பிரிட்டன் 2010இல், பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் ஒருவரோடு ஈரானின் பலூசிஸ்தான் கடற்கரைக்குச் சென்று, அந்நாட்டு வழக்கிற்கேற்பத் தலையும் உடலும் மூடி அலையேறினார். அந்நாட்டில் அலைச்சறுக்கு ஆடிய முதற்பெண் அவரே. சில ஆண்டுகளில் ஈரானியப் பெண்டிரும் அவரோடு சேர்ந்து ஆடினர். நாணம் கெடாமலும் அலை ஏறலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

‘செலவு’ என்னும் சொற்கு நம் மொழியில் இருபொருள் உண்டு. பயணம் என்பது பழம்பொருள். பணம் கரைதல் என்பது வழக்குப்பொருள். இப்பொருள் பற்றி எழும் தடை ஒன்றே எமக்கு விடையளித்தற்கரிது. விமானக்கட்டணமும் விடுதிக்கட்டணமும் பயிற்சிக்கட்டணமும் சேருமிடத்து, நம் மாணவியருட் பெரும்பாலார் இல்லத்து ஆறுதிங்கள் வருவாய் அடங்கிவிடும். அமெரிக்கப் பெண்ணாகிய லிஸ் கிளார்க் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் கலிபோர்னியாவினின்று ‘ஸ்வெல்’ என்னும் பாய்மரப் படகைத் தாமே செலுத்திப் பசிபிக் தீவுகள்தோறும் அலை தேடிச் சென்றார். அவ்வரலாறு 2018இல் நூலாக வந்தது. படிக்க இனிது, பின்பற்ற எளிதன்று. எல்லாப் பெண்டிரும் அலையாடச் செல்லுக என்று யாம் கூறவரவில்லை. செல்ல வாய்ப்புள்ளவளைப் பழித்தல் தகாதென்றே கூறுகின்றோம். பணமின்மையால் போகாதிருத்தல் வேறு. பழிக்கஞ்சிப் போகாதிருத்தல் வேறு. முன்னது உழைத்து நீக்கத்தக்கது.

அறுகம் குடாவில் நிகழ்ந்தது ஒன்று. நெடுங்காலமாக அயல்நாட்டு மகளிர் அங்கு வந்து ஆடிக்கொண்டிருக்க, உள்ளூர்ப் பெண்டிர் கரையில் நின்று நோக்கினர், சமைத்தனர், விடுதிகளைத் துப்புரவு செய்தனர். 2018இல் அவ்வூர்ப் பெண்டிரே கூடித் தமக்கென ஒரு கழகம் அமைத்தனர். இலங்கையில் மகளிர்க்கென்றே அமைந்த முதல் அலைச்சறுக்குக் கழகம் அதுவே என்பர். வீட்டாரும் ஊராரும் முதலிற் கூறியவை யாவை என யாம் எழுதவேண்டுவதில்லை. நம் வீடுகளில் கூறப்படுவனவே அவை. பிள்ளை பெற்ற தாய்மாரும் அதில் உறுப்பினர். இதனைக் கேட்டவுடன், “ஆகா! அயல்நாட்டுப் பெண்ணின் விளையாட்டால் உள்ளூர்ப் பெண்ணுக்கு நன்மை விளைந்ததே, ஆதலின் அவள் செலவு தக்கதே” என்று முடிவுகட்ட எம் மனமும் விரைகின்றது. அம்முடிவைக் கொள்ளாது நிறுத்துகின்றோம். கொள்ளின், பெண்ணின் மகிழ்ச்சிக்குப் பயன் காட்டியே இசைவு பெறவேண்டும் என்னும் பழைய வழக்கிற்கே மீண்டும் கையொப்பமிட்டவராவோம். அவள் ஆடினாள், மகிழ்ந்தாள், அதுவே போதும்.

மாணவியர் விடுதிகளில் வெளிச்செல்ல இசைவு வேண்டி எழுதும் தாளில் ‘நோக்கம்’ என ஒரு பத்தி இருக்கும். மருத்துவமனை, உறவினர் திருமணம், நூல் வாங்கல், ஆலய ஆராதனை என்பன அதில் எழுதப்படுவன. ‘கடல் பார்க்க’ என்று எழுதிய தோழி ஒருத்தியின் தாள் ஒருகால் திருப்பித் தரப்பட்டது; ‘நூல் வாங்க’ என்று திருத்தி எழுதினாள்; இசைவு கிடைத்தது. அவள் கடலையே பார்த்து வந்தாள். விடுதித் தலைவியார்க்கும் இஃது உள்ளுறத் தெரியும் என்பதே எம் ஐயம்.

முடிவாக ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, நம் கரையோரத்தும் இலங்கையிலும் பல ஊர்களில் ஆடவரினும் பெண்டிரே மிகுதியாக மாண்டனர். நீந்த அறியாமையும் அதற்குரிய காரணங்களுள் ஒன்றென ஆராய்ந்தோர் கூறினர். கடலுக்குப் போகாதே என்று காக்கப்பட்ட பெண்டிரின் வீட்டிற்குக் கடலே வந்தது. அலைச்சறுக்குக் கற்பிக்குமாறு யாம் கேட்கவில்லை. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவ இளைஞர் அதனை நன்கு கற்பிக்கின்றனர், 2025 ஆகஸ்டில் ஆசியப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. யாம் கேட்பது நீச்சல். கல்லூரிகளிற் கூடைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் களம் உண்டு. மகளிர் நீந்தக் கற்க இடமும் நேரமும் ஆசிரியையும் உள்ள கல்லூரிகள் மிகச் சில. நகராட்சிக் குளங்களில் வாரம் இருமுறை காலை நேரத்தை மகளிர்க்கென வாடகைக்குப் பெறுதல் பெருஞ்செலவன்று. உடற்பயிற்சித் துறையினர் வரும் ஜூன் திங்களில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டுவாராக. அதில் ‘நோக்கம்’ என்னும் பத்தி வேண்டா; பெயரும் வகுப்பும் எழுத இடமிருந்தால் அமையும்.